பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கியாச்சு, இனி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் மாஸ்டா என்றால் சுவராஜ் மாஸ்டா வேன்தான் ஞாபகத்துக்கு வரும். பிரிட்டனுக்கு வந்த பிறகு அதே பெயரில் இரண்டே பேர் உட்காரும், கூரையை மடித்துப் போட்டுவிட்டு ஓட்டும் குட்டிக் கார் ஒன்று தெருவுக்குத் தெரு நிற்பதைப் பார்க்கிறோம். விலையும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பது 2002-ல் பதிவான, 1.8 லிட்டர் எஞ்சின் கொண்ட கார். அதை வைத்துக்கொண்டு நான் படும் பாட்டைப் பார்த்த பிறகும் நண்பர்கள் அதே காரை வாங்கிவிட்டு, இனி என்ன செய்ய என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டதால் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் முதல் இரண்டு தலைமுறைக் கார்களைப் பற்றியது இது.

எந்தத் தலைமுறை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முன்விளக்கு மேலே எழும்பி வந்தால் முதல் தலைமுறை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது, 1997 வரை வந்தது. விளக்கு நிலையாக இருந்து, கார் அதே அளவில் இருந்தால் இரண்டாவது. 1998 முதல் 2005 வரை. அதற்குப் பிறகு வந்தது கொஞ்சம் பருத்த மூன்றாவது. 2015-ல் வந்தது நான்காவது. காரின் பின்னால் யூனோஸ் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், ஜப்பானில் விற்ற அதே முதல் தலைமுறைக் கார்தான், யாரோ இறக்குமதி செய்திருக்கிறார்கள். எல்லாத் தலைமுறையும் சேர்த்து 2016 ஏப்ரலில் பத்து லட்சத்தைத் தாண்டியது. அதனால் உதிரி பாகம் கிடைக்காது என்ற கவலை மட்டும் வேண்டாம்.

வாங்கிய அன்றே செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

சாலை வரி. 2014 அக்டோபரிலிருந்து வண்டியோடு வரி கைமாறுவதில்லை. விற்றவர் கட்டியிருந்தாலும் நீங்கள் புதிதாகக் கட்டித்தான் வீட்டுக்கு ஓட்டி வர வேண்டும். காப்பீடும் அப்படியே. லண்டனுக்குள் இருப்பவர்கள் யூலெஸ் கட்டணத்தையும், அதாவது புகை அளவு விதிக்குள் வராத வண்டிகளுக்கான கட்டணத்தையும், பார்த்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 29-லிருந்து லண்டனின் எல்லா வட்டாரங்களுக்கும் அது பொருந்தும், விதிக்குள் வராத கார் ஒரு நாள் ஓடினால் 12.50 பவுண்டு. 2006-க்கு முந்தைய பெட்ரோல் கார்கள் பொதுவாக மாட்டும். ஆனால் இரண்டாம் தலைமுறையின் பிற்பகுதிக் கார்களில் சில தப்பிவிடுகின்றன. வண்டி எண்ணைப் போட்டால் லண்டன் போக்குவரத்துத் துறை இணையதளம் சொல்லிவிடும். இதை வாங்குவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டும், சரி, இப்போதாவது பாருங்கள்.

முதல் மாதம் எதில் காசு போடலாம்? எனக்கு சைலன்சர் மாற்ற ஆசை.

எல்லோருக்கும் சைலன்சர்தான் ஆசை. முதல் மாதக் காசு துருவுக்கும், பிறகு எண்ணெய்களுக்கும், ரப்பருக்கும், டயருக்கும் போக வேண்டும். இருபது வருடம் நாலைந்து கைமாறிய காரை மாஸ்டா செய்து அனுப்பிய நிலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலே உங்களுக்கு வேறு கார் கிடைத்த மாதிரி இருக்கும். பலர் அந்த நிலையில் இதை ஓட்டிப் பார்க்காமலேயே "இது போதவில்லை" என்று பாகம் வாங்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, ஒரே சனிக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றாதீர்கள். ஒரு வேலை, அப்புறம் நூறு மைல் ஓட்டம், பிறகு அடுத்த வேலை. புதுச் சத்தம் ஒன்று கேட்டால் எதில் கை வைத்தோம் என்று உங்களுக்கே தெரியும்.

துரு என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அவ்வளவு மோசமா?

ஆமாம். இந்தக் காரில் எஞ்சின் செத்து எடைக்குப் போனதைவிட உடம்பு அரித்துப் போனதுதான் அதிகம் என்பது என் எண்ணம். குளிர்காலத்தில் இங்கே சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புத் தண்ணீர் தகடுகளுக்கு இடையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், அதிலும் பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் கடைசி ஒரு சாண். விரலால் அழுத்துங்கள். பெயின்ட் குமிழ் விட்டிருந்தால் உள்ளே ஓட்டை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது இடம், இரண்டாம் தலைமுறைக் காரின் முன்பக்கச் சட்டங்கள். பம்பரிலிருந்து பின்னோக்கிப் போகும் அந்தப் பெட்டிச் சட்டங்களில் தகடு அடுக்கடுக்காக இருக்கிறது, அடுக்குக்குள் தண்ணீர் தங்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி, டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்க வேண்டும்.

சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாதிரியான பாகங்கள் பிடித்திருக்கும் இடத்திலிருந்து 30 செமீக்குள் தகடு பலவீனமாக அரித்திருந்தால், வருடா வருடம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனையான எம்ஓடியில் தேறாது. வெல்டிங் செய்யும்போது தையல் மாதிரி தொடர்ச்சியாக இழுக்கச் சொல்லுங்கள், புள்ளி புள்ளியாக ஒட்டி விட்டதை ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். துரு இல்லாத கார் அமைந்தால் உடனே உள்பக்கமாக மெழுகு அடித்துவிடுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு, கோடையில். ஈரத்தின் மேல் அடிப்பது துருவுக்குப் போர்வை போர்த்துவது மாதிரி. கீழே கறுப்புத் தார் புதிதாகப் பூசியிருந்தால் நான் சந்தேகப்படுவேன். விற்பதற்கு முந்தின வாரம் பூசப்பட்ட தாரை நிறையப் பார்த்தாயிற்று.

தண்ணீர் எங்கிருந்து சில்லுக்குள் போகிறது? மழையில் உள்ளே கம்பளமும் நனைகிறது.

இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம். துணிக்கூரையில் விழும் தண்ணீர் பின்பக்கம் வழிந்து, இரண்டு சீட்டுக்கும் பின்னால் மூலைக்கு ஒன்றாக இருக்கும் வடிகால் துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். மரத்தடியில் நின்ற காரில் இலைச் சருகும் அழுக்கும் சேர்ந்து அது அடைத்துக்கொள்ளும். அப்புறம் தண்ணீர் தனக்குத் தோன்றிய வழியில் போகும்.

ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். கீழே உடனே சொட்டினால் சரி. இல்லையென்றால் வளையக்கூடிய பிளாஸ்டிக் கம்பியை, புல் வெட்டும் மெஷினில் போடும் நரம்பு கிடைத்தால் அதை, மெல்ல விட்டு ஆட்டுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம், உள்ளே இருக்கும் குழாய் கிழிந்துவிடும். ஐந்து நிமிட வேலை, வருடத்துக்கு இரண்டு தரம். நான் முதல் வருடம் இதைச் செய்யவில்லை. அதற்கான வெல்டிங் பில் இன்னும் டிராயரில் இருக்கிறது.

விற்றவர் டைமிங் பெல்ட் மாற்றியாச்சு என்கிறார். நம்பலாமா?

ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு விற்ற மனிதர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மூடியைத் திறந்தபோது பெல்ட்டில் இருந்த எழுத்தெல்லாம் அழிந்து, ஓரம் நார்நாராக நின்றது.

வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் இந்தப் பெல்ட்டுக்கு 60,000 மைலுக்கு ஒரு முறை என்பது கணக்கு. மைல் ஏறாவிட்டாலும் ரப்பருக்கு வயது உண்டு. முதல் தலைமுறை எஞ்சின்களில் ஒரு நல்ல குணம், பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளாது, கார் வழியில் நின்றுவிடும், அவ்வளவுதான். அதை நம்பித் தள்ளிப்போட வேண்டாம். பெல்ட்டுக்காக முன்பக்கம் முழுதும் கழற்றும்போதே வாட்டர் பம்ப், டென்ஷனர், எண்ணெய் சீல்கள் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அவற்றுக்காக இன்னொரு முறை கழற்றினால் கூலிதான் வீண்.

1989 முதல் 1991 நடுப்பகுதி வரை வந்த 1.6 வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் எஞ்சினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனை, அதாவது மூக்கு, குட்டையானது. முன் போல்ட் தளர்ந்தால் புல்லி ஆடி ஆடி, சாவிப் பள்ளத்தையே தின்றுவிடும். புல்லியில் நாலு பள்ளம் இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் பின்னால் வந்த பலமான வகை. நாலு என்றால் பெல்ட் வேலையை அனுபவமுள்ளவர் கையில் கொடுங்கள்.

எஞ்சின் ஆயில் எது? ஃபில்டர் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

10டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-30. நாலு லிட்டருக்குள் அடங்கிவிடும். ஃபில்டர், எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுப்பான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். கீழே படுத்துக்கொண்டு கையை மேலே விட்டுத் தடவித்தான் பிடிக்க வேண்டும். பழைய எண்ணெய் முழங்கை வழியாக வழியும். முழுக்கைச் சட்டை வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம். எஞ்சின் போச்சா?

முதல் தலைமுறை என்றால் ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் இயங்கி வால்வைத் தள்ளும் பாகம், போடும் சத்தமாக இருக்கும். எண்ணெய் ஏறியதும் நின்றுவிடும். பழைய எண்ணெயை மாற்றினாலே பல கார்களில் குறைகிறது.

இதோடு சேர்த்து ஒன்று: டாஷ்போர்டில் இருக்கும் ஆயில் பிரஷர் முள்ளைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 1994 வரை வந்த கார்களில் அது நிஜமான அளவு காட்டும். அதற்குப் பிறகு வந்தவற்றில் அழுத்தம் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் முள் வடிவில் சொல்கிறது. டிப்ஸ்டிக்தான் நம்பகமானது.

கூலன்ட் போன வருடம்தான் மாற்றியது. ரேடியேட்டரைத் தொட வேண்டுமா?

ரேடியேட்டர் மேல்தொட்டியின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் விடுங்கள். பழுப்பாகவோ பச்சை கலந்த மஞ்சளாகவோ மாறியிருந்தால் அந்தப் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகிவிட்டது, ஒரு நாள் நெடுஞ்சாலையில் விரிந்து வெந்நீர் முழுவதையும் கொட்டும். சூட்டில் எஞ்சின் தலை வளைந்தால் ஆகும் செலவோடு பார்த்தால் புது ரேடியேட்டர் ஒன்றுமே இல்லை. ஹோஸ்களும் தெர்மோஸ்டாட்டும் அதோடு சேர்ந்து போகட்டும்.

கியர் விழ முரண்டு பிடிக்கிறது. கியர்பாக்ஸ் மாற்றணுமா?

அவசரப்படாதீர்கள். எப்போது முரண்டு பிடிக்கிறது?

குளிர்ந்த காலையில் இரண்டாவது கியர் மட்டும் என்றால், இந்தக் காரின் பிறவிக் குணம். எண்ணெய் சூடானதும் சரியாகும். கியர் ஆயில் மாற்றினால் இன்னும் குறையும். 75டபிள்யூ-90, ஜிஎல்-4 தரம், ஐந்து கியர் பெட்டிக்கு 2 லிட்டர். ஜிஎல்-5 எண்ணெயின் சேர்க்கைகள் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கு எப்போதும் ஒத்துப்போவதில்லை, அதைப் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: எண்ணெய் ஊற்றும் நட்டை முதலில் கழற்றிப் பார்த்த பிறகே வடிக்கும் நட்டில் கை வையுங்கள். வடித்துவிட்டு, ஊற்றும் நட் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால் காரை எங்கேயும் எடுத்துப் போக முடியாது.

முதல் கியரும் ரிவர்சும் நின்ற நிலையில் விழாமல் கரகரவென்றால், பெரும்பாலும் கிளட்ச்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு. கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் சின்னச் சாமான், விலையும் குறைவு. அதன் ரப்பர் உறையை லேசாக விலக்கினால் ஈரம் தெரியும். கிளட்ச் எண்ணெய் டப்பா தனியாக இருக்கிறது, அளவு குறைந்துகொண்டே போனாலும் இதுதான்.

கியர் கம்பியைச் சுற்றி வெந்நீர்ப் பானையைத் திறந்த மாதிரி சூடும் இரைச்சலும் வந்தால் கம்பியடி ரப்பர் கிழிந்திருக்கிறது. புது ரப்பர் போடும்போது அந்தக் குழியில் கொஞ்சம் கியர் ஆயிலும் விடுங்கள். காரில் நான் செய்த வேலைகளில் செலவுக்குக் கிடைத்த சுகம் இதில்தான் அதிகம். கியர் மாற்றுவது வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி ஆகிவிட்டது.

பிரேக் பேடை நானே மாற்றலாமா?

முன்னால் தாராளமாக. பின்னால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹேண்ட்பிரேக்கும் அதே காலிப்பரில் இயங்குவதால், பிஸ்டனை அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. காலிப்பரின் பின்னால் ஒரு மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மிமீ ஆலன் சாவி போகும். இடப்பக்கமாகத் திருகினால் பிஸ்டன் உள்ளே போகும். புதுப் பேட் போட்ட பிறகு வலப்பக்கமாகத் திருகி, டிஸ்கைத் தொட்டதும் கொஞ்சம் பின்வாங்குங்கள். இது தெரியாமல் கிளாம்ப் போட்டு நசுக்கிவிட்டு, காலிப்பர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கியவர்கள் உண்டு.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். முந்தைய வரலாறு தெரியாத காரில் அதை முதல் வாரமே மாற்றிவிடுங்கள், டாட் 4 போதும். பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை.

ஜாக்கி எங்கே வைப்பது?

டிராலி ஜாக்கியை முன்னால் சப்ஃபிரேமிலும் பின்னால் டிஃபரன்ஷியல் அடியிலும் வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடவே கூடாது. சில்லின் விளிம்பில் கண்ட இடத்தில் ஜாக்கி வைத்தால் மடங்கும், பெயின்ட் வெடிக்கும், அங்கே துரு தொடங்கும். டயர் கடைக்கு விடும்போதும் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். என் காரின் இடது சில் நசுங்கியது அப்படி ஒரு கடையில்தான், நான் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில்.

சரி, இதெல்லாம் முடிந்தது. இப்போதாவது அப்கிரேடு செய்யலாமா?

செய்யலாம். முதல் அப்கிரேடு டயர். பூ தேயாமல் பளபளவென்று இருக்கும் டயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1914 என்றால் 2014-ன் 19-ஆவது வாரத்தில் செய்தது. வாரக்கடைசியில் மட்டும் ஓடும் கார் என்பதால் பத்து வயது டயர் புதிதுபோல இருக்கும், ஆனால் ரப்பர் மரக்கட்டையாகியிருக்கும். மழையில் ரவுண்டானாவில் பின்பக்கம் சுழன்று போகும் கதைகளில் பாதிக்கு மேல் இந்த டயர்தான் வில்லன் என்பேன். நல்ல நிறுவனத்தின் டயர் நாலையும் ஒரே வகையாகப் போடுங்கள். அகலம் கூட்டாதீர்கள். ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ள காருக்கு 14 அங்குலத்தில் 185, 15 அங்குலத்தில் 195 தாராளம். காற்று 26 பிஎஸ்ஐ. கடைக்காரர் பழக்கதோஷத்தில் 32, 34 என்று ஏற்றிவிடுவார். வீட்டுக்கு வந்து இறக்குங்கள், கார் உடனே சாதுவாகிவிடும்.

இரண்டாவது, நாலு சக்கரத்துக்குமான வீல் அலைன்மென்ட். இந்தக் காரில் நாலு மூலையிலும் இரட்டை விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடிக்கும் சஸ்பென்ஷன், நாலிலும் சாய்வையும் திசையையும் திருத்தலாம். இது அந்த விலைக்குக் கிடைக்கும் கார்களில் அபூர்வம். ஆனால் திருத்தும் போல்ட்கள் துருவில் இறுகிப் போயிருக்கும். போவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அவ்வப்போது துரு இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். முன்சக்கரம் மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லும் கடைக்குப் போக வேண்டாம்.

மூன்றாவது, ஷாக் அப்சார்பரும் புஷ்களும். இருபது வருடத்து ஷாக்குக்குப் பதிலாகப் புதிது, அதுவும் ஒரிஜினலுக்குப் பக்கத்துத் தரத்தில். காரைத் தரையோடு தரையாக இறக்கும் மலிவு காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும்) செட் போட்டவர் காரில் ஒரு முறை போனேன். வேகத்தடைக்கு வேகத்தடை முதுகெலும்பை எண்ண முடிந்தது. குதிரையும் ஆளும் ஒன்றாவது என்ற பொருளில் ஜின்பா இத்தாய் என்று ஜப்பானியர்கள் இந்தக் காருக்கு ஒரு கொள்கையே வைத்திருக்கிறார்கள். அந்தக் காரில் குதிரை தனியாக, ஆள் தனியாகக் குதித்துக்கொண்டிருந்தோம்.

ரோல் பார் (கார் கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைவு)?

கூரையைத் திறந்து வேகமாக ஓட்டுகிறவர் என்றால், முக்கியமாக ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் எண்ணம் இருந்தால், என் ஓட்டு இதற்குத்தான். உங்கள் தலை உச்சி பாருக்குக் கீழே இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள். பளபளக்கும் அலங்கார வளைவுகளும் விற்கிறார்கள், கவிழ்ந்தால் அவை தாங்காது.

பவர் கூட்ட வழியே இல்லையா?

இரண்டாம் தலைமுறையில் 1.6-க்கு 110 குதிரை, 1.8-க்கு 140 அல்லது சற்று மேல். ஏர் ஃபில்டர், சைலன்சர் மாற்றினால் சத்தம் கூடும், வேகம் கூடியதாகத் தோன்றும். நிஜமாகக் கூட்ட வேண்டுமென்றால் டர்போ அல்லது சூப்பர்சார்ஜர். அப்புறம் கிளட்ச், கூலிங், பிரேக், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர் என்று வரிசை கட்டும். அந்தக் காசுக்கு இதே காரின் புதிய தலைமுறை ஒன்று கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

அலாய் வீல் மாற்றினால்கூடக் காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லணுமா?

சொல்லுங்கள். ஸ்டிக்கர் தவிர எதை மாற்றினாலும் சொல்லுங்கள். விபத்துக்குப் பிறகு அவர்களே கண்டுபிடித்தால் இழப்பீட்டில் கை வைப்பார்கள். சில நிறுவனங்கள் இந்தக் காருக்கென்றே, மாற்றங்களையும் ஏற்றுக்கொள்ளும் பாலிசி தருகின்றன, விசாரித்துப் பார்க்கலாம். முதல் இரண்டு தலைமுறைக்கும் வீல் நட் அமைப்பு 4×100, மூன்றாவதற்கு 5×114.3. மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

காரின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

வண்டி எண் போதும். எம்ஓடி சோதனை முடிவுகள் 2005 முதல் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தேறியதா என்பதைவிட, தேறியபோதும் எழுதி வைத்த அறிவுரைக் குறிப்புகளை வருட வரிசையில் படியுங்கள். "சில் லேசாக அரிப்பு" என்று ஒரு வருடம் எழுதி, அடுத்த வருடம் "சில் மேல் பூச்சு" என்று இருந்தால் என்ன நடந்தது என்று உங்களுக்கே புரியும்.

டிசம்பரில் ஊருக்குப் போகிறோம், ஆறு வாரம். காரை அப்படியே விடலாமா?

டேங்க்கை நிரப்புங்கள். பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி விடுங்கள். ரேடியோவுக்குக் குறியீட்டு எண் கேட்கும் கார் என்றால் முதலில் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என்றாவது பேட்டரி மாற்ற நேர்ந்தால் காற்றுக்குழாய் உள்ள வகையையே வாங்குங்கள், சாதாரண பேட்டரியின் அமில ஆவி டிக்கியின் அடித்தகட்டை அரிக்கும். வடிகால் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள். கூரை ஈரமாக இருக்கும்போது மடித்து வைக்காதீர்கள். பின்கண்ணாடி பிளாஸ்டிக்காக இருந்தால் உறைபனிக் காலத்தில் மடிக்கவே வேண்டாம், விரிசல் விழும். ஹேண்ட்பிரேக்கை மட்டும் இழுத்து விட்டுப் போகாதீர்கள். பின் காலிப்பர் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வந்து காரை நகர்த்தப் பார்த்தால் சக்கரம் சுழலாது. சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.